சோனிக்ஸ்: ஊசியைச் சிவப்பிலேயே வைத்திருந்த ஐந்து பேர் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ராக் இசை கேட்கிற யாரிடமாவது சோனிக்ஸ் என்று பேச்சை எடுத்தால் திரும்பத் திரும்ப அதே கேள்விகள்தான் வருகின்றன. ஒவ்வொருவரிடமும் முதலிலிருந்து சொல்லிச் சொல்லி வாய் வலிக்கிறது. எனவே ஒரே இடத்தில் எழுதிவைக்கிறேன். நான் இசை ஆய்வாளன் இல்லை, வெறும் ரசிகன். நடுநிலையை எதிர்பார்க்க வேண்டாம்.

யார் இந்த சோனிக்ஸ்?

அமெரிக்காவின் வடமேற்கு மூலையில், வாஷிங்டன் மாநிலத்தில், சியாட்டிலுக்குத் தெற்கே டகோமா என்ற துறைமுக ஊர் இருக்கிறது. காகித ஆலைகளின் நாற்றத்துக்குப் பேர்போன ஊர். 'டகோமா வாசனை' என்று அந்தப் பக்கத்துக்காரர்கள் கேலியாகச் சொல்வார்கள். அங்கே லாரி பரிபா என்ற பள்ளிக்கூடத்துப் பையன் 1960இல் கிட்டாரோடு தொடங்கிய குழு இது. ஒத்திகையில் ஆள் குறைந்தால் அவருடைய அம்மாவே பேஸ் கிட்டாரை எடுத்து வாசித்ததாகவும் சொல்வார்கள். அது உண்மையாக இருக்க வேண்டும் என்பது என் ஆசை.

சில ஆண்டுகள் ஆட்கள் வந்தார்கள், போனார்கள். 1964இல் அமைந்த ஐந்து பேர்தான் நாம் இங்கே பேசும் சோனிக்ஸ். ஜெரி ரோஸ்லி பாட்டும் ஆர்கனும் பியானோவும். லாரி கிட்டார். அவருடைய சகோதரர் ஆண்டி பரிபா பேஸ். ராப் லிண்ட் சாக்ஸபோன். பாப் பென்னட் டிரம்ஸ். எல்லாருக்கும் இருபதை ஒட்டிய வயது. இவர்கள் சேர்ந்து வாசித்த நல்ல காலம் மொத்தமே மூன்று ஆண்டுகளுக்குள் முடிந்துவிட்டது. அதில் வந்தவை இரண்டு ஆல்பம், பக்கத்துக்கு ஒரு பாட்டு வீதம் கொஞ்சம் சிங்கிள் தட்டுகள்.

பெயருக்கு என்ன பொருள்?

டகோமாவுக்குப் பக்கத்திலேயே மெக்கார்ட் விமானப்படைத் தளம். அங்கிருந்து கிளம்பும் ஜெட் விமானங்கள் ஒலியின் வேகத்தைத் தாண்டும்போது 'டமார்' என்று வானம் வெடித்த மாதிரி ஒரு சத்தம் வரும். ஜன்னல் கண்ணாடியெல்லாம் அதிரும். அந்தச் சத்தத்துக்கான ஆங்கிலப் பெயரிலிருந்துதான் இந்தப் பெயர். இரண்டாவது ஆல்பத்துக்கு 'பூம்' என்று தலைப்பு வைத்ததும் அதன் மிச்சம்தான்.

சியாட்டிலில் சூப்பர்சோனிக்ஸ் என்று ஒரு கூடைப்பந்து அணி இருந்தது. தேடினால் அதுதான் முதலில் வந்து நிற்கும். அந்த அணி தொடங்கியது 1967இல். குழுவுக்கும் அணிக்கும் சம்பந்தமில்லை. இரண்டுக்கும் பெயர் விமானத்திலிருந்து வந்தது என்பதைத் தவிர.

இவர்களைக் கேரேஜ் பங்க் என்கிறார்களே, அப்படியென்றால் என்ன?

1960களில் அமெரிக்காவில் வீட்டுக்கு வீடு பையன்கள் கிட்டார் வாங்கினார்கள். கார் நிறுத்தும் கொட்டகையில் ஒத்திகை பார்த்தார்கள். சனிக்கிழமை பள்ளி நடன நிகழ்ச்சியில் வாசித்தார்கள். அதிர்ஷ்டம் இருந்தால் ஊர் ரேடியோவில் ஒரு பாட்டு ஓடும், அப்புறம் வேலை, கல்யாணம், ராணுவம் என்று கலைந்துபோவார்கள். இந்தக் குழுக்களின் இசைக்குக் கேரேஜ் என்ற பெயர் பின்னால்தான் ஒட்டியது. 1972இல் லென்னி கே என்பவர் 27 பாட்டுகளைத் திரட்டி 'நகெட்ஸ்' என்று ஒரு இரட்டைத் தட்டு வெளியிட்டார். அதன் உறையில் எழுதிய குறிப்பில் இந்த இசையைப் பங்க் ராக் என்று அழைத்தார். லண்டனில் பங்க் என்ற வேகமான, முரட்டு ராக் இசை வெடிப்பதற்கு நான்கு ஆண்டுகள் முன்னால்.

அந்த 27 பாட்டில் சோனிக்ஸ் பாட்டு ஒன்றுகூட இல்லை! எனக்கு இன்றுவரை ஆறவில்லை.

எந்தப் பாட்டில் தொடங்கலாம்?

'சைக்கோ'. இரண்டு நிமிடத்துக்குக் கொஞ்சம் அதிகம். அது பிடிக்காவிட்டால் மீதியும் பிடிக்காது, நேரம் மிச்சம்.

பிடித்துவிட்டால் 1965இல் வந்த முதல் ஆல்பத்தை, 'ஹியர் ஆர் தி சோனிக்ஸ்', முதல் பாட்டிலிருந்து கடைசி வரை கேளுங்கள். 12 பாட்டு. மொத்தமாக அரை மணி நேரம்தான். ஒரு பாட்டைத் தனியாக எடுத்துக் கேட்பதைவிட அடுத்தடுத்து அடி விழுவதுபோல் கேட்கும்போதுதான் இவர்கள் என்ன செய்கிறார்கள் என்று புரியும்.

முதல் பாட்டு 'தி விட்ச்' பற்றி ஏன் இவ்வளவு பேசுகிறார்கள்?

1964 நவம்பர். அந்த ஆண்டு முழுக்க அமெரிக்க ரேடியோவில் பீட்டில்ஸ் ஆட்சி. கோட் சூட், புன்னகை, 'உன் கையைப் பிடித்துக்கொள்ளட்டுமா' என்கிற பணிவு. அந்த நேரத்தில் டகோமாவிலிருந்து ஒரு சிங்கிள் வருகிறது. ஊருக்குப் புதிதாக ஒரு பெண் வந்திருக்கிறாள், நீளமான கறுப்புக் கூந்தல், பெரிய கறுப்புக் கார், அவளிடம் எச்சரிக்கையாக இரு, அவள் சூனியக்காரி. கதை அவ்வளவுதான். ஆனால் கிட்டாரும் சாக்ஸபோனும் சேர்ந்து ஒரே மெட்டை இழுத்துக்கொண்டு வரும் விதம் இருக்கிறதே, யாரோ இரும்புப் பீரோவைத் தரையில் தரதரவென்று இழுத்து வருகிற மாதிரி. நடுநடுவே எல்லாம் நின்று பென்னட்டின் டிரம்ஸ் மட்டும் வெடிக்கும்.

சியாட்டிலின் கே.ஜே.ஆர். ரேடியோ அந்த வட்டாரப் பிள்ளைகளின் உயிர்நாடி. அங்கே இந்தப் பாட்டைப் பகல் நேரத்தில் போடத் தயங்கினார்களாம். வீட்டிலிருக்கும் பெண்கள் பயந்துவிடுவார்கள் என்ற கவலை. பள்ளி விட்ட பிறகுதான் ஒலிபரப்பு. அப்படியும் வடமேற்கில் அதுவரை எந்த உள்ளூர்க் குழுவின் தட்டும் விற்காத அளவுக்கு விற்றது என்பது ரசிகர்கள் பெருமையாகச் சொல்லும் கதை. தட்டின் மறுபக்கத்தில் முதலில் ராக் அண்ட் ரோல் முன்னோடி லிட்டில் ரிச்சர்டின் ஒரு பாட்டு இருந்தது. பின்னால் அதை எடுத்துவிட்டு 'சைக்கோ'வைப் போட்டார்கள். இந்தப் பக்கம் சூனியக்காரி, அந்தப் பக்கம் பைத்தியம். ஒரு தட்டுக்கு இதைவிட என்ன வேண்டும்?

ஒலி ஏன் இவ்வளவு கரடுமுரடாக இருக்கிறது? பதிவு பழுதாகிவிட்டதா?

பழுது இல்லை. இதைத்தான் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இந்தக் குழுவின் மொத்த விஷயமே இதில்தான் இருக்கிறது.

முதலில் அவர்கள் வாசித்த இடங்களை நினைத்துப் பாருங்கள். சர்ச்சின் கூட்ட மண்டபம், சக்கரச் சறுக்கு அரங்கு, டகோமாவில் ரெட் கார்ப்பெட் என்ற இளைஞர் கிளப், டகோமாவுக்கும் சியாட்டிலுக்கும் நடுவே நெடுஞ்சாலையோரம் ஸ்பானிஷ் காசில் என்ற நடன மண்டபம். நூற்றுக்கணக்கான பிள்ளைகள் கால் தட்டி ஆடுவார்கள். இன்றைக்கு இருப்பதுபோல் பெரிய ஒலிபெருக்கி அமைப்பெல்லாம் கிடையாது. அவரவர் ஆம்ப்ளிஃபயரைத் திருகி, அதன் கடைசி எல்லைக்குக் கொண்டுபோய், மண்டபத்தை நிரப்ப வேண்டும். வால்வு ஆம்ப் அப்படித் திணறும்போது ஒலியின் ஓரம் கிழியும். அந்தக் கிழிசல் லாரிக்குப் பிடித்துவிட்டது. அது போதாதென்று ஸ்பீக்கரின் காகிதக் கூம்பில் பனிக்கட்டி உடைக்கும் ஊசியால் ஓட்டை போடுவார் என்று ஆண்டி பின்னாளில் சொல்லியிருக்கிறார். அதே காலத்தில் லண்டனில் கிங்க்ஸ் குழுவின் டேவ் டேவிஸ் பிளேடால் தன் ஸ்பீக்கரைக் கீறிக்கொண்டிருந்தார். கடலுக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் ஒரே குறும்பு.

அடுத்தது பதிவு. சியாட்டிலில் கியர்னி பார்ட்டன் என்ற ஒலிப்பதிவாளர் 'ஆடியோ ரெக்கார்டிங்' என்ற ஸ்டூடியோவை நடத்திவந்தார். முறையாகத் தொழில் தெரிந்த மனிதர். ஒலி அளவு காட்டும் ஊசி சிவப்புப் பகுதிக்குள் போகக்கூடாது என்பது அந்தத் தொழிலின் பாலபாடம். சோனிக்ஸ் பையன்களோ ஊசி சிவப்பை விட்டு இறங்கவே கூடாது என்று நின்றார்கள். பதிவானது இரண்டே டிராக் உள்ள டேப்பில். அதாவது எல்லாரும் ஒன்றாக வாசிக்க வேண்டும், ஒருவர் தவறினால் எல்லாரும் மறுபடி. டிரம்ஸுக்கு ஒரே ஒரு மைக் என்று சொல்வார்கள். அந்த ஒற்றை மைக்கில் பென்னட் அடித்த அடி கேட்டவர்களை இன்றும் கேள்வி கேட்க வைக்கிறது. நிர்வாணா என்ற ராக் குழுவின் பாடகர் கர்ட் கோபேன் 1994இல் கொடுத்த ஒரு பேட்டியில் தான் கேட்டதிலேயே அற்புதமான டிரம்ஸ் ஒலி இதுதான் என்றார். பெரிய ஸ்டூடியோவில் எண்ண முடியாத அளவுக்கு மைக் வைத்துப் பதிவுசெய்யக்கூடிய நிலையில் இருந்த மனிதர் அவர்.

மொத்தத்தில், மண்டபத்தில் எப்படிக் கேட்டதோ அப்படியே தட்டிலும் கேட்க வேண்டும் என்பதுதான் அவர்கள் பிடிவாதம். அழுக்கைத் துடைத்துவிட்டால் ஆளே காணாமல் போய்விடுவார்கள் என்று அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது. கொஞ்ச நாள் கழித்து அதை மறந்தார்கள், அந்தக் கதை கீழே வருகிறது.

சுவரில் இருந்த முட்டை அட்டையைப் பிய்த்த கதை நிஜமா?

நிஜம்தான். 1966இல் வந்த 'பூம்' ஆல்பத்தை டகோமாவிலேயே ஒரு சிறிய ஸ்டூடியோவில் பதிவுசெய்தார்கள். கன்ட்ரி என்ற அமெரிக்கக் கிராமிய இசைக்காரர்கள் பாடிய இடம். எதிரொலி வராமல் இருக்கச் சுவர் முழுக்க முட்டை அட்டை ஒட்டியிருந்தது. இவர்களுக்கோ எதிரொலிதான் வேண்டும். பிய்த்துப் போட்டுவிட்டார்கள். ஸ்டூடியோக்காரர் முகம் எப்படி இருந்திருக்கும் என்று 'சின்ட்ரெல்லா' கேட்கும்போதெல்லாம் நினைத்துக்கொள்வேன்.

ஜெரி ரோஸ்லி பாடுகிறாரா, கத்துகிறாரா?

இரண்டும். அவருடைய தெய்வம் லிட்டில் ரிச்சர்ட். முதல் ஆல்பத்தின் கடைசிப் பாட்டே லிட்டில் ரிச்சர்டின் 'குட் காலி மிஸ் மாலி'தான். கறுப்பின இசைக்காரர்களின் தேவாலயப் பாட்டிலிருந்து வந்த அந்த அலறலை எடுத்து, ரோஸ்லி இன்னும் ஒரு படி மேலே போய்க் கிழித்தார். கவனித்துக் கேட்டால் சுருதி எங்கும் தப்பாது. அலறல் ஆரம்பிக்கும் இடம், நிற்கும் இடம் எல்லாம் கணக்காக இருக்கும். தொண்டை கிழியக் கத்துவது யாருக்கும் முடியும், தாளத்தில் கத்துவதுதான் கஷ்டம். முதல் தடவை கேட்டபோது ஹெட்போன் கெட்டுப்போய்விட்டது என்று நினைத்து வேறொன்றை மாட்டிக் கேட்டேன். அதிலும் அப்படித்தான் இருந்தது.

பாட்டெல்லாம் ஏன் விஷம், பேய், பைத்தியம் என்று போகிறது?

மற்ற குழுக்கள் கடற்கரை, கார், காதல் என்று பாடிய நேரம் அது. சோனிக்ஸும் காரைப் பாடினார்கள், 'பாஸ் ஹாஸ்' அதுதான். ஆனால் ரோஸ்லி எழுத உட்கார்ந்தால் விஷயம் இருட்டாகிவிடும். 'ஹீஸ் வெயிட்டிங்' பாட்டில் துரோகம் செய்த பெண்ணைப் பார்த்து 'உனக்காகச் சாத்தான் காத்திருக்கிறான்' என்கிறார். பண்டிகைக்காகக் கேட்டதற்கு எழுதிய பாட்டில்கூட 'எனக்குக் கிறிஸ்துமஸில் நம்பிக்கையில்லை, எனக்கு ஒன்றும் கிடைக்கவில்லை' என்றுதான் வருகிறது.

எல்லாவற்றுக்கும் மேலே 'ஸ்ட்ரிக்னைன்'. சிலருக்குத் தண்ணீர் பிடிக்கும், சிலருக்கு ஒயின் பிடிக்கும், எனக்கு ஸ்ட்ரிக்னைன்தான் பிடிக்கும் என்று ஒருவன் குஷியாகப் பாடுகிறான். அமெரிக்கப் பிள்ளைகளுக்கு அது எலி மருந்து டப்பாவில் படித்த பெயர். நமக்கு அது இன்னும் நெருக்கமான சமாச்சாரம். ஸ்ட்ரிக்னைன் இருப்பது எட்டிக்கொட்டையில். 'எட்டி பழுத்தென்ன, ஈயாதார் வாழ்ந்தென்ன' என்று பழமொழியில் வருகிறதே, அதே எட்டி மரம். எட்டிக்காயாய்க் கசக்கிறது என்று நாம் முகம் சுளிப்பதை, டகோமாவில் ஒருவன் நீயும் ஒருநாள் குடித்துப் பார் என்கிறான். இந்த விஷயம் தெரிந்த பிறகு அந்தப் பாட்டை எனக்குச் சிரிக்காமல் கேட்க முடிவதில்லை. உண்மையில் சிரிக்கத்தான் வேண்டும். இவர்கள் இருட்டைப் பாடினாலும் சோகம் கிடையாது. ஆடுவதற்கான பாட்டு.

இவர்கள் தட்டுகளை வெளியிட்ட நிறுவனத்தின் பெயர் எட்டிக்கெட். நாகரிக நடத்தை என்று பொருள்.

எட்டிக்கெட் யாருடையது?

வெய்லர்ஸ் என்ற குழுவினருடையது. ஜமைக்காவில் பாப் மார்லி இருந்த வெய்லர்ஸ் இல்லை. டகோமாவில் அதற்கும் முன்பே இருந்த வெய்லர்ஸ். வடமேற்கு ராக் இசைக்கு அண்ணன்மார்கள். பெரிய கம்பெனிகளை நம்பாமல் 1961இல் தாங்களே ஒரு தட்டு நிறுவனம் தொடங்கினார்கள். அவர்களில் பேஸ் வாசித்த பக் ஆர்ம்ஸ்பிதான் சோனிக்ஸைக் கேட்டுவிட்டுப் பிடித்துப்போட்டார். பங்க் காலத்தில் 'நாமே செய்வோம்' என்று பெரிய கொள்கையாகப் பேசினார்களே, டகோமாவில் அதை யாரும் கொள்கை என்று சொல்லவில்லை. வேறு வழி இல்லை, செய்தார்கள்.

ஆல்பத்தில் பாதிக்கு மேல் பிறர் பாட்டுகள்தானே? அப்புறம் என்ன பெருமை?

நியாயமான கேள்வி. முதல் ஆல்பத்தின் 12 பாட்டில் சொந்தப் பாட்டு நான்குதான். நடன மண்டபத்தில் வாசிப்பவர்களிடம் பிள்ளைகள் தெரிந்த பாட்டைத்தான் கேட்பார்கள். அதனால் அந்த வட்டாரக் குழுக்கள் எல்லாமே ரிதம் அண்ட் புளூஸ் என்ற கறுப்பின நடன இசைப் பாட்டுகளை வாசித்துத்தான் வளர்ந்தன.

இதற்கு நல்ல உதாரணம் ரிச்சர்ட் பெர்ரி. லாஸ் ஏஞ்சலீஸைச் சேர்ந்த கறுப்பினப் பாடகர். 1957இல் அவர் வெளியிட்ட 'லூயி லூயி' நாடு முழுக்க ஓடவில்லை, ஆனால் வடமேற்கு அதைத் தத்தெடுத்துக்கொண்டது. முதலில் டகோமா வெய்லர்ஸ் 1961இல் பதிவுசெய்தார்கள். 1963இல் போர்ட்லாண்டின் கிங்ஸ்மென் பதிவுசெய்து நாடு முழுக்க ஓட வைத்தார்கள். வார்த்தை சரியாகக் கேட்காததால் ஆபாசமாக இருக்குமோ என்று எஃப்.பி.ஐ. விசாரித்ததும் அந்தப் பதிவைத்தான். மாதக்கணக்கில் தட்டைத் திருப்பித் திருப்பிக் கேட்டுவிட்டு ஒன்றும் புரியவில்லை என்று கைவிட்டார்கள். அரசாங்கச் சம்பளத்தில் ராக் கேட்ட புண்ணியவான்கள். இத்தனை பேர் வாசித்த பாட்டை சோனிக்ஸ் 'பூம்' ஆல்பத்தில் எடுத்தபோது, ஆடவைக்கும் அந்த உற்சாக மெட்டையே திருகி மிரட்டலாக மாற்றிவிட்டார்கள். மற்றவர்கள் வாசித்தது விருந்து, இவர்கள் வாசித்தது விருந்துக்குப் பிறகான சண்டை.

பெர்ரியின் இன்னொரு பாட்டு 'ஹேவ் லவ் வில் டிராவல்'. துப்பாக்கியோடு எங்கும் வருவேன் என்று பொருள்படும் ஒரு டிவி தொடர் அப்போது பிரபலம். அதன் தலைப்பைத் திருப்பி, காதலோடு எங்கும் வருவேன் என்று எழுதினார். அவர் பாடியது மென்மையான கூட்டுக்குரல் பாட்டு. இரண்டையும் அடுத்தடுத்துக் கேளுங்கள். சோனிக்ஸ் அதன் அடியில் ஒரு தடித்த ரிஃப்பை, அதாவது திரும்பத் திரும்ப வரும் மெட்டுத் துண்டை, ஓடவிட்டு, ராப் லிண்ட் நடுவில் சாக்ஸபோனைக் கதறவிட்டு, வேறொரு பிராணியாக ஆக்கிவிட்டார்கள். இன்று பலரும் அதை சோனிக்ஸ் பாட்டு என்றே நினைக்கிறார்கள். பெர்ரியின் பெயரைச் சொல்லாமல் இந்தப் பாட்டைப் புகழ்வது சரியில்லை என்பதால்தான் இவ்வளவு சொன்னேன்.

பங்க் குழுவில் சாக்ஸபோன் எதற்கு?

கிட்டார் மட்டும் போதும் என்ற முடிவு பின்னால் வந்தது. அப்போது வடமேற்குக் குழுவில் சாக்ஸபோன் இல்லாவிட்டால்தான் ஆச்சரியம். லிண்ட் அதை ஜாஸ்காரர்போல வாசிக்கவில்லை, இன்னொரு கிட்டாராக, இன்னும் ஒரு முரட்டுக் குரலாக வாசித்தார். என்னைக் கேட்டால் இந்தக் குழுவைப் பின்பற்றியவர்கள் எல்லாம் கோட்டைவிட்டது இதைத்தான்.

இவ்வளவு நன்றாக இருந்தால் ஏன் பெரிய ஆளாகவில்லை?

ஒன்று, ஊர். அன்றைக்கு வடமேற்கு ஒரு தனித் தீவு. உள்ளூர் ரேடியோ, உள்ளூர் மண்டபம், உள்ளூர் தட்டுக்கடை. சனிக்கிழமை சம்பாத்தியம் அங்கேயே நன்றாக இருந்தது. வெளியூர்ப் பெரிய குழுக்கள் வந்தால் அவர்களுக்கு முன்னால் வாசிப்பார்கள், அவ்வளவுதான். சிறிய நிறுவனத்தால் தட்டை நாடு முழுக்கக் கொண்டுசேர்க்க முடியவில்லை.

இன்னொன்று, ஹாலிவுட். எட்டிக்கெட்டை விட்டு ஜெர்டன் என்ற நிறுவனத்துக்கு மாறினார்கள். கோல்ட் ஸ்டார் ஸ்டூடியோவுக்கு அனுப்பினார்கள். ஃபில் ஸ்பெக்டர் என்ற பெயர்பெற்ற இசைத் தயாரிப்பாளர் தன் பிரம்மாண்டமான பாட்டுகளைப் பதிவுசெய்த அதே இடம், அவருடைய ஒலிப்பதிவாளர் லாரி லெவின்தான் இவர்களுக்கும். எல்லாம் சுத்தமாக, பக்குவமாக, ஊசி பச்சையில் நிற்கும்படி நடந்தது. 1967இல் 'இன்ட்ரொட்யூசிங் தி சோனிக்ஸ்' வந்தது. கேட்டுப் பாருங்கள், யாரோ பக்கத்து வீட்டுப் பையன்கள் மாதிரி இருக்கிறது. குழுவினரே அதைக் குப்பை என்றுதான் பிற்காலத்தில் சொன்னார்கள். குப்பை என்று சொல்லமாட்டேன், ஓரிரு பாட்டு தேறும். ஆனால் முட்டை அட்டையைப் பிய்த்தவர்கள் அங்கே இல்லை.

பிறகு என்ன ஆனார்கள்?

1966இலிருந்து 1968க்குள் ஒவ்வொருவராகக் கழன்றுகொண்டார்கள். படிப்பு, வேலை, குடும்பம். சிறிது காலம் வேறு ஆட்கள் அதே பெயரில் வாசித்தார்கள். லாரி காப்பீட்டுத் துறைக்குப் போனார். ரோஸ்லி சாலைக்குத் தார் போடும் தொழில் செய்தார். தொண்டையால் செய்ததைக் கையாலும் செய்தார் என்று வைத்துக்கொள்ளலாம்.

ராப் லிண்ட் கதைதான் எனக்கு மிகவும் பிடித்தது. கடற்படையில் சேர்ந்து வியட்நாம் போரில் விமானியாகப் பறந்தார். பிறகு பயணிகள் விமானங்களும் ஓட்டினார். ஜெட் விமானத்தின் சத்தத்தைப் பெயராக வைத்துக்கொண்ட குழுவின் சாக்ஸபோன்காரர், சாக்ஸபோனை வைத்துவிட்டு ஜெட்டையே ஓட்டப் போய்விட்டார்.

1972இல் சியாட்டில் பாரமவுண்ட் அரங்கில் ஒரே ஒரு நாள் பழைய ஆட்கள் கூடி வாசித்தார்கள். அதோடு சரி.

அப்படியானால் இவர்களை உலகம் எப்படிக் கண்டுபிடித்தது?

தட்டு சேகரிப்பவர்களால். பழைய தட்டுக்கடையில் 'பூம்' கிடைத்து, அதை நண்பனுக்கு டேப்பில் போட்டுக் கொடுத்து, அவன் குழு தொடங்கி, இப்படி. 1980இல் கிராம்ப்ஸ் என்ற அமெரிக்கப் பங்க் குழுவினர் தங்கள் முதல் முழு ஆல்பத்தில் 'ஸ்ட்ரிக்னைன்' பாடினார்கள். பின்னால் மான்செஸ்டரின் ஃபால் குழுவும் அதே பாட்டை எடுத்தது. பிரிட்டனில் பிக் பீட், நியூயார்க்கில் நார்ட்டன் போன்ற நிறுவனங்கள் பழைய தட்டுகளை ஒழுங்காக மறுபதிப்பு செய்தன. பிளாக் கீஸ் 2003இல் 'ஹேவ் லவ் வில் டிராவல்' வாசித்தார்கள். அந்தப் பாட்டு ஒரு கார் விளம்பரத்திலும் வந்தது. ஒயிட் ஸ்ட்ரைப்ஸின் ஜாக் ஒயிட் வாய்ப்பு கிடைத்தபோதெல்லாம் இவர்களைப் புகழ்ந்தார். 2002இல் எல்.சி.டி. சவுண்ட்சிஸ்டம் ஒரு பாட்டில் அரிய குழுக்களின் பெயர்களை வரிசையாகச் சொல்லி அலட்டிக்கொள்ளும் ரசிகனைக் கேலி செய்தார்கள். அதில் 'தி சோனிக்ஸ், தி சோனிக்ஸ்' என்று திரும்பத் திரும்ப வரும். என்னைத்தான் சொல்கிறார்கள், தெரியும்.

மறுபடி சேர்ந்தார்களா?

2007 நவம்பரில், புரூக்ளினில் நடந்த கேவ்ஸ்டாம்ப் என்ற கேரேஜ் இசை விழாவில். ரோஸ்லி, லாரி, லிண்ட் மூவரும் வந்தார்கள். பேஸுக்கும் டிரம்ஸுக்கும் புது ஆட்கள். அறுபதைத் தாண்டியவர்கள் மேடையேறி 'சைக்கோ' வாசித்தார்கள். அடுத்த ஆண்டு லண்டன். அதே 2008இல் சியாட்டிலின் சூப்பர்சோனிக்ஸ் கூடைப்பந்து அணி மூட்டை கட்டிக்கொண்டு ஓக்லஹோமாவுக்குப் போய்விட்டது. அக்டோபர் 31 அன்று, பேய்த் திருநாள் இரவில், சோனிக்ஸ் குழு 36 ஆண்டுகள் கழித்து அதே பாரமவுண்ட் மேடைக்குத் திரும்பியது. ஊருக்கு ஒரு சோனிக்ஸ் போய் ஒரு சோனிக்ஸ் வந்த கணக்கு.

2015 ஆல்பம் தேறுமா?

தேறும், சந்தேகமே வேண்டாம். பழைய குழுக்கள் திரும்பி வந்து வெளியிடும் ஆல்பங்களைக் கண்டாலே எனக்குப் பயம். மரியாதைக்காக ஒருமுறை கேட்டுவிட்டு அலமாரியில் வைப்பதுதான் வழக்கம். 'திஸ் இஸ் தி சோனிக்ஸ்' அப்படி இல்லை. டெட்ராய்ட்டின் ஜிம் டயமண்ட் தயாரித்தார். ஒயிட் ஸ்ட்ரைப்ஸின் ஆரம்பக் காலத்தில் அவர்களோடு வேலை செய்தவர். சியாட்டிலில் எல்லாரும் ஒன்றாக நின்று வாசித்து, இடது வலது என்று பிரிக்காமல் ஒரே ஒலியாக, மோனோவில் பதிவு. ஹாலிவுட்டில் துடைத்துப்போட்ட அழுக்கையெல்லாம் எழுபதை எட்டும் வயதில் திரும்ப அள்ளிப் பூசிக்கொண்டார்கள். கிங்ஸ்மென் குழுவில் இருந்த ஃப்ரெடி டென்னிஸ் பேஸோடு பாட்டையும் பகிர்ந்துகொள்கிறார். அவர் தொண்டையும் ரோஸ்லி ரகம்தான். ஆல்பம் வந்த சில நாளில் சியாட்டிலின் மூர் அரங்கில் நடந்த நிகழ்ச்சியில் அந்த ஊர் ராக் குழுக்களான பேர்ல் ஜாமின் எடி வெட்டரும் மட்ஹனியின் மார்க் ஆர்மும் ஏறிப் பாடினார்கள்.

உலகின் முதல் பங்க் குழு இவர்கள்தானா?

இந்தச் சண்டையில் எனக்கு ஆர்வமில்லை என்று சொல்லிவிட்டு அரை மணி நேரம் பேசுகிற ஆள் நான். பெரு நாட்டின் லிமா நகரில் லாஸ் சைக்கோஸ் என்று ஒரு குழு, 1965இலேயே ஸ்பானிய மொழியில் ரயில் நிலையத்தை இடித்துத் தள்ளுவோம் என்று கத்திக்கொண்டிருந்தது. ஜெர்மனியில் அமெரிக்கப் படைவீரர்களாக இருந்த ஐந்து பேர் உச்சந்தலையை மழித்துக்கொண்டு மங்க்ஸ் என்ற பெயரில் 1966இல் ஒரு விசித்திரமான ஆல்பம் போட்டார்கள். ஒருவரையொருவர் தெரியாது. எல்லாரும் கிட்டத்தட்ட ஒரே நேரத்தில் ஒரே கதவை உதைத்திருக்கிறார்கள். யார் கால் முதலில் பட்டது என்று அளப்பானேன்? சத்தம் அதிகம் கேட்டது டகோமா பக்கம் என்று மட்டும் சொல்வேன்.

தட்டு வாங்குவதா, போனில் கேட்பதா?

எதில் கேட்டாலும் மோனோ பதிப்பைத் தேடிக் கேளுங்கள். அசல் எட்டிக்கெட் தட்டுகளின் விலை நம் பையைக் காலி பண்ணிவிடும், மறுபதிப்பே போதும். போனின் சின்ன ஸ்பீக்கரில் கேட்டாலும் தப்பில்லை. இந்தப் பாட்டுகள் காரிலும் கையடக்க டிரான்சிஸ்டர் ரேடியோவிலும் கேட்பதற்காகவே செய்யப்பட்டவை.

சத்தத்தைக் குறைத்து வைத்துக் கேட்கலாமா?

கேட்கலாம். ஆனால் 'தி விட்ச்' பாட்டில் டிரம்ஸ் மட்டும் தனியாக வரும் இடத்தில் கை தானாகவே திருகிவிடும். பக்கத்து வீட்டில் குழந்தை தூங்குகிறதா என்று முதலிலேயே கேட்டுக்கொள்வது நல்லது. எனக்கு அந்த வீட்டிலிருந்து இன்னும் சரியான பேச்சுவார்த்தை இல்லை.